பனிக்காலத்தில் நீலகிரி ரோட்டில் பைக் ஓட்ட எப்படி உடுத்துவது?

கட்டபெட்டைத் தாண்டி தொட்டபெட்டா பக்கம் ஏறும் ரோட்டில், ஒரு டிசம்பர் காலை ஆறரை மணிக்கு, பிரேக் பிடிக்க நினைத்தேன். வலது கை விரல்கள் மடங்கவில்லை. எதிரே கேரட் மூட்டை ஏற்றிய லாரி வளைவை அகலமாக எடுத்து இறங்கிக்கொண்டிருந்தது. பின் பிரேக்கை மிதித்து எப்படியோ ஓரம் கட்டினேன். அன்று நான் போட்டிருந்த துணிக்குக் குறைவில்லை. பருத்தி பனியன், முழுக்கைச் சட்டை, அம்மா பின்னிய கம்பளி ஸ்வெட்டர், மப்ளர். அப்படியும் விறைத்துப்போனேன்.

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு வேலைக்குப் போய்வர ஆரம்பித்த முதல் குளிர்காலம் அது. அதன்பின் கற்றுக்கொண்டதை, இந்த மலையில் முதன்முறையாகப் பனிக்காலத்தில் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்காக, உடுத்தும் வரிசையிலேயே எழுதுகிறேன். 40 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடும். விரல் ஒரு நொடி பிந்தினால் அந்த 11 மீட்டரும் கையை விட்டுப் போய்விடும். ஆகவே ஹெல்மெட்டை எப்படிப் பார்க்கிறேனோ அப்படித்தான் கிளவுஸையும் ஜெர்கினையும் பார்க்கிறேன்.

உடுத்தும் முன்: காற்று என்ன செய்கிறது?

ஜனவரி விடியலில் ஊட்டியில் 5 டிகிரி என்பது சாதாரணம். அதில் 40 கி.மீ. வேகத்தில் போனால், மூடாத முகத்துக்கு மைனஸ் 1 டிகிரி போல உறைக்கும். 2001 முதல் அமெரிக்காவும் கனடாவும் பயன்படுத்தும் காற்றுக்குளிர் (wind chill) கணக்கில் போட்டால் வரும் விடை இது. உடம்பைச் சுற்றி எப்போதும் மெல்லிய வெதுவெதுப்பான காற்று ஒட்டியிருக்கும். வண்டி ஓட ஓட எதிர்க்காற்று அதை உரித்துக்கொண்டே போகிறது. கையால் பின்னிய ஸ்வெட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓட்டைகள் தெரியும். வீட்டில் அடுப்போரம் உட்கார அது அருமையான உடை. பைக்கில் அது வலை மாதிரி, காற்று ஊடே போய்விடும். என் தவறு அங்கேதான் இருந்தது: கனமாகப் போட்டேன், காற்றை மறிக்க எதுவும் போடவில்லை.

1. தோலை ஒட்டிய துணி

இங்கே பருத்தி வேண்டாம். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். வண்டியைத் தள்ளித் திருப்பி, உதைத்து ஸ்டார்ட் செய்வதற்குள் வியர்க்கும். பத்தாவது நிமிடம் அந்த ஈரமே முதுகில் ஐஸ் வைத்தது போலாகும். கடையில் ‘தெர்மல்’ என்று கேட்டு, பாலியெஸ்டரிலோ மெல்லிய கம்பளியிலோ மேலுக்கும் காலுக்கும் ஒரு ஜோடி வாங்குங்கள். உடம்போடு ஒட்ட வேண்டும், இறுக்கக் கூடாது.

2. நடு அடுக்கு

இதன் வேலை காற்றைப் பிடித்து வைப்பது. ஃப்ளீஸ் (மென்மையான, பொசுபொசுவென்ற செயற்கை இழைத் துணி) அல்லது கம்பளி ஸ்வெட்டர் போதும். ஊட்டி தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் கடைகளில் இவை கிடைக்கும். தடியான ஒன்றைவிட மெல்லிய இரண்டு நல்லது. வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிப் பைக்குள் வைக்கலாம்.

3. வெளி அடுக்கு

காசு குறைவாக இருந்தால் முதலில் இதற்குச் செலவழியுங்கள். காற்றுப் புகாத ஜெர்கின் வேண்டும். கழுத்துவரை ஜிப், மணிக்கட்டில் எலாஸ்டிக் அல்லது ஒட்டுப்பட்டி, இடுப்புக்குக் கீழே இறங்கும் நீளம். வாங்கும் முன் கடையிலேயே பைக் ஓட்டுவதுபோல் குனிந்து கையை நீட்டிப் பாருங்கள். முதுகு தெரிந்தாலோ மணிக்கட்டு தெரிந்தாலோ அந்த அளவு வேண்டாம். கிளவுஸின் வாய் ஜெர்கின் கைக்குள் போகிறதா, அல்லது அதை மூடுகிறதா? நடுவில் ஒரு விரல் அகலம் தோல் தெரிந்தாலும் தோள்வரை குளிர் ஏறும்.

ஜெர்கின் வாங்க இப்போது வசதியில்லையா? மழைக்கு வைத்திருக்கும் ரெயின்கோட்டை ஸ்வெட்டர் மேல் போடுங்கள், காற்று நின்றுவிடும். அதுவும் கைவசம் இல்லாத நாளில் பழைய செய்தித்தாளை நான்காக மடித்து நெஞ்சுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே வையுங்கள். நான் பலமுறை செய்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்யும். இன்னொன்று: கறுப்பு ரெயின்கோட் மூடுபனியில் கண்ணுக்கே தெரியாது. முதுகில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை ஒட்டாமல் கிளம்பாதீர்கள்.

4. கை

கைத்தோலின் சூடு சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் விரல்களின் லாவகம் குறையத் தொடங்கிவிடும். நமக்கு வலி தெரிவதற்கும் கை சொன்னபடி கேட்காமல் போவதற்கும் நடுவே அதிக நேரம் இல்லை.

இரண்டு அடுக்காகப் போடுங்கள். உள்ளே மெல்லிய பின்னல் கிளவுஸ். வெளியே காற்றுப் புகாத, உள்ளங்கையில் தோல் வைத்த பைக் கிளவுஸ். வெளி கிளவுஸை ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும். விரலை நெருக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து, சீக்கிரம் மரத்துப்போகும். போட்டதும் வண்டியை நிறுத்திய நிலையிலேயே கிளட்ச், பிரேக், ஹாரன், இண்டிகேட்டர் நான்கையும் இயக்கிப் பாருங்கள். லீவரைத் தொட்ட உணர்வே இல்லாத அளவுக்குத் தடித்த கிளவுஸ் மலை ரோட்டுக்கு உதவாது.

நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு முதலில் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். எனவே கை விறைக்கிறது என்றால் கிளவுஸை மட்டும் குறை சொல்லாதீர்கள், நெஞ்சுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள்.

அந்த டிசம்பர் காலையில் அடுத்து வந்த டீக்கடையில் நிறுத்தியதும் கையை அடுப்பில் காட்டப் போனேன். கடைக்கார அண்ணன் தடுத்துவிட்டார். “மரத்த கைக்குச் சூடு தெரியாது தம்பி, தோலு வெந்துரும். டம்ளரைப் பிடிங்க, அக்குள்ல வைங்க.” அவர் சொன்னது சரிதான். சைலன்சரில் கை வைப்பதும் அதே ஆபத்து.

5. கால், கழுத்து, தலை

செருப்பு வேண்டவே வேண்டாம். கணுக்கால் மூடும் ஷூ, கம்பளி சாக்ஸ். விரல்களை உள்ளே அசைக்க இடம் இருக்க வேண்டும். சாக்ஸ் மேல் பிளாஸ்டிக் கவர் மாட்டச் சொல்வார்கள். காற்றைத் தடுக்கும்தான், ஆனால் நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை இருக்கிறது. ஷூவின் முன்பக்கம் செய்தித்தாள் சுற்றினாலே போதும். ஜீன்ஸ் மட்டும் போட்டால் முழங்கால் காற்றை நேராக வாங்கும். மேலே ரெயின்கோட் பேண்ட் போடுங்கள்.

மப்ளரின் தொங்கும் நுனி செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். பின்னால் உட்காருபவரின் துப்பட்டாவும் அப்படியே. மப்ளருக்குப் பதில் தலைவழியே மாட்டும், குழாய் வடிவில் தைத்த துணியான கழுத்துக்குழாய் வாங்குங்கள். மங்கி குல்லாவைத் தடிமனாகப் போட்டு அதன்மேல் ஹெல்மெட்டைத் திணிக்காதீர்கள், ஹெல்மெட் ஆடும். மெல்லிய குல்லா போதும். மூச்சுப்பட்டு ஹெல்மெட் கண்ணாடி மங்கினால் ஒரு விரலளவு திறந்து வையுங்கள். கழுத்துக்குழாயை மூக்குக்குக் கீழே இறக்கினாலும் மங்கல் குறையும்.

ஒரு வேண்டுகோள். குழந்தையை டேங்க் மேல் முன்னால் உட்கார வைத்துக் குளிரில் கூட்டிப்போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நமக்கு முன்னால் அத்தனை காற்றையும் அந்தப் பிள்ளைதான் வாங்குகிறது. விடிகாலையில் பஸ்ஸில் கூட்டிப் போங்கள்.

6. எங்கே போடுவது, எப்போது கிளம்புவது

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. கிலோமீட்டர் உயரத்துக்கு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால் ஏறக்குறைய 12 டிகிரி வித்தியாசம். கீழேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டால் கல்லாறு தாண்டுவதற்குள் வியர்த்து நனைந்துவிடுவீர்கள். தெர்மல், ஒரு ஸ்வெட்டர், கிளவுஸ், அடிபட்டால் தாங்க மேலே ஜெர்கின், அதன் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி ஏறுங்கள். பர்லியாறில் நிறுத்தி ஜிப்பை மேலேற்றி, குன்னூரில் இரண்டாவது ஸ்வெட்டரைப் போடுங்கள். குளிர ஆரம்பித்த பிறகு போடலாம் என்று இருந்தால், இழந்த சூடு திரும்ப வர வெகுநேரம் ஆகும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்த இரவுகளில் தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளங்களில் உறைபனி விழும். காலையில் வண்டி சீட்டே வெள்ளையாக இருக்கும். காய்ந்த துணியால் அதைத் துடைத்துவிட்டு உட்காருங்கள். அப்படியே உட்கார்ந்தால் உருகி பேண்ட் நனையும். முடிந்தால் வெயில் ஏறி எட்டரைக்குமேல் கிளம்புங்கள். அப்போதும் சோலை நிழலில் இருக்கும் வளைவுகளில் ஈரம் வழுக்கும்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கையை வட்டமாகச் சுழற்றுங்கள். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை என்றால் மேலே ஓட்டாதீர்கள். வாய் குழறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவர் குளிர் குறையாமலே நடுக்கம் நின்று மந்தமானாலோ, உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கலாம். ஈரத்துணியைக் கழற்றி, போர்த்தி, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மது கொடுக்கவே கூடாது. சூடேறியது போல் தோன்றும், ஆனால் தோல் வழியாக இருக்கிற சூடும் போய்விடும்.

வீடு திரும்பியதும் கிளவுஸையும் சாக்ஸையும் உள்பக்கம் வெளியே திருப்பிக் கொடியில் போடுங்கள். இரவெல்லாம் பைக்குள் கிடந்த ஈர கிளவுஸ் மறுநாள் காலை கை கொடுக்காது. அதனால் நான் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன்.