பழைய லாரியில் மிஸ்ஸிங்: பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்

எங்களிடம் இருந்த ஆறு சிலிண்டர் டீசல் லாரியில் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யாது. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) உதறும். காலையில் ஸ்டார்ட் செய்தால் கண் எரிகிற வெள்ளைப் புகை. சூடானதும் குறையும், மேட்டில் ஏறும்போது மறுபடி வரும். பட்டறையில் சத்தத்தைக் கேட்டதுமே "பம்ப் போச்சு" என்றார்கள். டீசலை அழுத்தித் தள்ளுகிற அந்த பம்ப்பையும், அதை சிலிண்டருக்குள் தெளிக்கிற ஆறு நாசிலையும் கழற்றி சர்வீஸ் செய்து மாட்டினோம். உதறல் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், மூன்றாவது நாசிலுக்கு அடியில் இரண்டு செம்பு வாஷர். பழையது குழிக்குள் ஒட்டிக்கிடக்க, அதன்மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார்கள். ஒரு வாஷர் கனம் மேலே ஏறி உட்கார்ந்த நாசில், டீசலைத் தெளிக்க வேண்டிய இடத்தில் தெளிக்கவில்லை. குழிக்குள் ஒருவரும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

எந்த சிலிண்டர் என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்துங்கள். நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் உடனே மாறும், உதறல் கூடும். எதில் ஒன்றுமே மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கண்ணாடி போடுங்கள், விரலை அருகில் கொண்டுபோகாதீர்கள். 200 பாருக்குப் பக்கத்தில் பாய்கிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். குத்திய புள்ளி சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். இதெல்லாம் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கிற காமன் ரெயில் வண்டியில் பிரஷர் 1,000 பாரைத் தாண்டும், அதில் நட்டைத் தொடவே வேண்டாம்.

சிலிண்டர் தெரிந்ததும் நாசிலைக் குறை சொல்வது அடுத்த தவறு. மூன்றில் இருப்பதை ஐந்தில் மாற்றிப் போடுங்கள், புது வாஷரோடு. மிஸ்ஸிங்கும் ஐந்துக்குப் போனால் நாசில். மூன்றிலேயே நின்றால் பம்ப் அந்த லைனுக்கு டீசல் சரியாகத் தள்ளவில்லை, அல்லது அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்குகிற அழுத்தம்) இல்லை.

மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரில் நிற்காமல் வந்து வந்து போனால் முதலில் டீசல் லைனில் புகுந்த ஏரைச் சந்தேகப்படுங்கள். "எங்கேயும் டீசல் ஒழுகலையே" என்பார்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்புகிற சின்ன பம்ப்) வரை உறிஞ்சுகிற லைன், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். காற்று அமுங்கும் என்பதால் பம்ப் தள்ளுகிற தள்ளு அதை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும், நாசில் திறக்காது. கைப்பம்ப் அடித்து ஏர் எடுத்ததும் கொஞ்ச தூரம் நன்றாக ஓடுகிறதா? அப்புறம் என்ன, ஃபீட் பம்ப்பிலிருந்து ஃபில்டருக்குப் போகிற இடத்தில் தற்காலிகமாக ஒரு கண்ணாடிக் குழாய் போல வெளியே தெரிகிற டீசல் ஹோஸை மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். வெடித்த ஹோஸ், தேய்ந்த வாஷர் என்று சில்லறைச் செலவில் முடியும்.

டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அமுக்குகிற கைக்கும் நடுவே விடுகிற சின்ன இடைவெளி), எஞ்சின் சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா என்று மேனுவலைப் பார்த்தே வையுங்கள். இடைவெளியே இல்லாத வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும்.

கம்ப்ரஷன் கேஜ் போட்டு அளக்காமல் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) இறக்கச் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைவாகக் காட்டினால் பெரும்பாலும் நடுவே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற தகடு) போயிருக்கும். அப்போது இறக்கலாம்.