திருகோணமலை வரலாறு எழுத முன்: ஆதாரத்தை உரசிப் பார்ப்பது எப்படி?

கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த ஆண்டு சிலரிடம் 1622, சிலரிடம் 1624. பத்து இணையப் பக்கங்களில் 1622 என்று இருந்தால் அதையே எழுதிவிடாதீர்கள். அந்தப் பத்தும் எதைப் பார்த்து எழுதியவை என்று அடிக்குறிப்பில் தேடுங்கள். வசனம் மாறாமல், எழுத்துப்பிழையும் சேர்ந்தே வந்திருந்தால் பத்தும் ஒரே சாட்சிதான். அடிக்குறிப்பே இல்லாததைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மூலம் கிடைத்ததும், எழுதியவர் யார், எப்போது, எங்கிருந்து எழுதினார் என்று கொப்பியில் குறியுங்கள். போர்த்துக்கேயர் காலத்துக்கு எல்லோரும் இலங்கை வரலாறு எழுதிய போர்த்துக்கேயரான குவேறோஸ் பாதிரியாரிடம்தான் போவார்கள். அவர் கோவாவிலிருந்து எழுதி 1687 அளவில் முடித்தார், இலங்கைக்கு வந்தவரல்ல. கோயில் இடிந்து அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்காக அவரை ஒதுக்கவும் கூடாது. "குவேறோஸ் இப்படிச் சொல்கிறார்" என்று எழுதுங்கள், போதும்.

பலர் வழுக்கி விழும் இடம் 'கோணேசர் கல்வெட்டு'. அது கல்லில் வெட்டியதல்ல, கவிராசவரோதயன் இயற்றிய நூல். கோயில் தொழும்பு (ஊழியம்), உரிமை, வழமை பற்றி அறிய அருமையான சான்று. ஆனால் கோயிலைக் கட்டியதாக மரபு சொல்லும் குளக்கோட்டன் மன்னனின் திருப்பணிக்கு அது தரும் கலியுக ஆண்டு 512ஐ, அதாவது கி.மு. 2590 அளவை, வரலாற்று ஆண்டாக எடுக்க முடியாது. நூல் மிகப் பிந்தியது.

உண்மையான கல்வெட்டு திருகோணமலை பிரெட்றிக் கோட்டை வாசலில், இணைக்கயல் (இரட்டை மீன்) பொறிப்போடு இருக்கிறது. உள்ளே இராணுவ முகாம் உண்டு. படம் எடுக்க முன் கேளுங்கள். உச்சி வெயிலில் எழுத்து தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் டோர்ச் அடித்து, அருகே அடிமட்டம் பிடித்து எடுங்கள். எழுத்தின் மேல் சோக் பூசவே வேண்டாம்: கல்லும் கெடும், உங்கள் ஊகமே எழுத்தாகிவிடும். பெயர்த்தெழுதும்போது சிதைந்த எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். ஊரில் முழுதாகச் சொல்லும் "முன்னே குளக்கோட்டன்" பாட்டு கல்லில் முழுதாக இல்லை. சிதைந்த இடங்களைப் பாட்டைக் கொண்டு நிரப்பிவிட்டு, அந்தக் கல்லையே பாட்டுக்குச் சான்று காட்டினால் எதுவும் நிறுவப்படாது.

முதியவர்களின் வாய்மொழியும் சான்றுதான். 09.04.1942 ஜப்பானியக் குண்டுவீச்சு பற்றி ஒருவர் சொன்னால், "ஐயா, நீங்கள் கண்டதா, கேட்டதா?" என்று முதலில் கேளுங்கள். கேட்டது என்றால் யார் சொன்னது, அவருக்கு அப்போது என்ன வயது, எங்கே இருந்தார் என்பதையும் பதிவில் சேருங்கள்.