அஃறிணைக்கு ஒரு மொழி: மாயவுலகக் கதை எழுதத் தொடங்குவோருக்கான செய்முறை

மாயவுலகக் கதை எழுத வரும் இளையோர் பலர், தங்கள் வேற்றினத்துக்கு ஒரு மொழி வேண்டும் என்றதும் ‘க்ஷ்ராக்’, ‘ஜ்ரூஷ்’ என்று கிரந்த எழுத்துகளை அள்ளித் தெளித்துப் பத்துப் பெயர்களைப் படைத்துவிடுகிறார்கள். அது மனித வாய் திணறும் ஒலி, மொழி ஆகாது. மொழி பேசுபவரின் உடலிலிருந்தும் அவர் வாழும் இடத்திலிருந்தும் பிறக்க வேண்டும். இதற்கு மொழியியல் பட்டம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், உரையோடு கூடிய ஒரு தொல்காப்பியப் பதிப்பும் போதும்.

படி 1: உடலை முடிவு செய்யுங்கள்

தொல்காப்பியர் பிறப்பியலில் ஒலி பிறக்கும் இடங்களை எட்டாக எண்ணுகிறார்: தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். இந்த எட்டையும் எழுதி, உங்கள் இனத்துக்கு இல்லாதவற்றை அடித்துவிடுங்கள். அலகுள்ள இனம் என்றால் பல்லும் இதழும் போய்விடும். இதழ் போனால் ப, ம இல்லை. இதழ் குவிந்து ஒலிக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔவும் இல்லை. அந்த இனத்தின் குஞ்சுக்கு அப்பாவும் அம்மாவும் வாயில் வராது. அப்படியானால் அதன் முதல் சொல் எது? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கிளி ‘அம்மா’ என்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பறவையின் ஒலியுறுப்பு, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் இருக்கிறது; இதழ் இல்லாமலேயே நம் ஒலிகளைப் போலச் செய்ய அதனால் முடிகிறது. பாடும் பறவைகளில் பல, அந்த உறுப்பின் இரு பக்கங்களாலும் ஒரே நேரத்தில் இரு வேறு ஒலிகளை எழுப்பக்கூடியவை. கதைக்கு இது பெரிய கொடை. ஒரு பக்கம் செய்தியைச் சொல்லட்டும். மறுபக்கம் பேசுபவர் அதை நம்புகிறாரா என்பதைச் சொல்லட்டும். அந்த ஊரில் பொய் சொல்ல எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! வாய்ப்பிருந்தால் கோலாலம்பூர் பறவைப் பூங்காவில் ஓர் இருவாச்சியின் முன் அரை மணி நேரம் நின்று, அது தலையைச் சாய்ப்பதையும் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செவியையும் மறக்க வேண்டாம். மனிதச் செவிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். பூச்சியுண்ணும் வௌவால்கள் பெரும்பாலும் அதற்கு மேலே ஒலிக்கின்றன. யானைகள் அதற்குக் கீழேயும் பேசிக்கொள்கின்றன.

படி 2: வாழிடத்தை அருகில் போய்ப் பாருங்கள்

இனி ஒரே எடுத்துக்காட்டோடு போவோம். மலேசியாவின் கோல சிலாங்கூரில் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூடுகின்றன. ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதால் மரமே விட்டுவிட்டு எரிவதுபோல் தெரியும். இவற்றை மாதிரியாக வைத்துச் சாண் உயரமுள்ள ஓர் இனத்தைப் படைப்போம். பெயர் மின்னியர்.

ஒளியில் பேசுகிறவர்களுக்கு இலை ஒரு சுவர். பகலில் ஊரே ஊமை. மின்மினியின் ஒளி வயிற்றின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே பேசுவதென்றால் வயிற்றைக் காட்ட வேண்டும். எதிரிக்குப் பதில் சொல்லவும் மென்மையான பகுதியைத் திறந்துகாட்டியே ஆக வேண்டும். இப்படி ஐந்தாறு விளைவுகளை நீங்களே எழுதுங்கள். இலக்கணம் இவற்றிலிருந்துதான் முளைக்கும்.

படி 3: ஒலிக்குப் பதில் ஒளியை அளந்து வையுங்கள்

‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்கிறது தொல்காப்பியம். கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை. மின்னும் இனத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைக்காது. குறு மின்னல் ஒரு மாத்திரை. அதை ‘தி’ என்று எழுதுவோம். நெடு மின்னல் இரண்டு மாத்திரை, ‘தீ’. இடையில் வரும் இருள் அரை மாத்திரை. அது ஒற்று, ‘த்’. தித்தீ, தீத்தி, தித்தித்தீ என்று சொற்கள் அமையும். ஒன்று முதல் நான்கு மின்னல் வரை 2, 4, 8, 16 என்று மொத்தம் 30 வேர்கள் கிடைக்கின்றன. முதல் கதைக்கு இது தாராளம்.

படி 4: திணையை வகுத்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் இனத்தின் மனம் தெரியும்; இங்கே அவசரம் வேண்டாம். மக்களே உயர்திணை, பிற எல்லாம் அஃறிணை என்பது நம் இலக்கணம். மின்னியர் நம்மை எந்தத் திணையில் வைப்பார்கள்? என் கணக்கில், தங்களோடு தாளம் சேர்ந்து மின்னுவதே அவர்களுக்கு உயர்திணை. நிலா அஃறிணை, ஏனென்றால் அது இமைப்பதில்லை. படகிலிருந்து டார்ச் அடிக்கும் மனிதனும் அஃறிணையே. சேற்றில் நத்தை தின்று வளரும் அவர்களுடைய சொந்தக் குழந்தை? அதுவும் மின்னும், ஆனால் தாளம் சேராது. மரமேறும் நாள்வரை பெற்ற தாயே அதை ‘அது’ என்பாள். விதியை இப்படி வையுங்கள்: உயர்திணை வினை தனித் ‘தீ’யில் முடியும்; அஃறிணை வினைக்குப் பின் இருள் மட்டும். ‘தித்தி’ என்பது வருதல் என்றால், ‘தித்தி தீ’ வந்தார். வெறும் ‘தித்தி’ வந்தது.

அடுத்து, தன்மை, அதாவது பேசுபவர் தம்மைச் சுட்டும் சொல். நாம், நாங்கள் என்ற வேறுபாடு தமிழில் உண்டு. மலாயிலும் கித்தா, காமி என்று உண்டு. மின்னியருக்கு இரண்டும் தேவையில்லை, தாளத்தோடு எதை மின்னினாலும் அது ‘நாம்’தான். ‘நான்’ என்பதற்குத் தனிச் சொல்லே வைக்காதீர்கள். அதைச் சொல்ல ஒருவர் தாளத்தை உடைத்துத் தனியே மின்ன வேண்டும். மரம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். காதலிப்பவரும் குற்றம் சாட்டுபவரும் மட்டுமே துணியும் செயல் அது.

காலத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். முதிர்ந்த மின்மினி வாழ்வது வாரக் கணக்கில்தான். எனவே ‘சேற்றில்’ என்றால் இறந்தகாலம், ‘மரத்தில்’ என்றால் நிகழ்காலம் என்று இரண்டே போதும்.

படி 5: பக்கத்தில் எழுதுவது

கதை நெடுக தித்தி தீ என்று நிரப்பினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். மூன்று இடங்களில் மட்டும் மூலத்தைக் காட்டுங்கள். அதுவும் பொருள் சூழலிலிருந்தே விளங்கும்படி. மற்ற உரையாடலைத் தமிழில் எழுதுங்கள். ஆனால் ‘சொன்னான்’, ‘கேட்டாள்’, ‘குரல்’, ‘கிசுகிசுத்தாள்’ எல்லாம் விலக்கு. இரகசியம் பேசுபவள் இலைக்குப் பின்னால் ஒளிரட்டும். கோபக்காரர் இருளை நீட்டட்டும்.

படி 6: சோதனை

ஒரு மூத்த மின்னியரும் ஓர் இளையவரும் ஆற்றில் வரும் படகைப் பற்றிச் சண்டையிடுவதாகப் பத்து வரி எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் செந்தூல் ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும் இரு மனிதர்களின் வாயில் வைத்துப் பாருங்கள். மாற்றமே இல்லாமல் பொருந்தும் வரிகளை அடித்துவிட்டு, நான்காம் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.