மதர்போர்டும் விண்டோஸ் 11-ம் ஒரே மூச்சில் மாற்றும்போது

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் 8-ம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலில் இல்லை. அதனால் பலருக்கு போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கிறது. டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 போர்டில் பொருந்தாது.

பழைய கணினி ஓடும்போதே முடிக்க வேண்டியவை: கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதுங்கள். புது போர்டில் அந்த டிஸ்க் சாவியைக் கேட்கும், இல்லையென்றால் தரவு போனதுதான். 8 ஜிபி யுஎஸ்பியில் விண்டோஸ் 11-ஐ நிறுவுவதற்கான நிறுவல் ஊடகம் தயாரியுங்கள். தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணையுங்கள். கணினியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டுண்டது, புதிதாக வாங்க நேரும்.

புது எஸ்எஸ்டியில் நிறுவும்போது மற்ற டிஸ்க்குகளைக் கழற்றியே வையுங்கள். பலர் இதைத் தவிர்க்கிறார்கள். அப்போது விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் பகுதி பழைய டிஸ்கில் போய் உட்கார்ந்துவிடலாம், பின்னாளில் அதைக் கழற்றினால் விண்டோஸ் எழாது.

பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0-ஐ இயக்குங்கள் (இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றிருக்கும்), பழைய முறை பூட்டுக்கான சிஎஸ்எம்மை அணையுங்கள். நிறுவலில் எஸ்எஸ்டியே தெரியவில்லையா? இன்டெல் 11-ம் தலைமுறை முதல், எஸ்எஸ்டிகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற வசதி காரணமாக இருக்கலாம்; அதன் டிரைவரை யுஎஸ்பியில் வைத்து 'லோட் டிரைவர்' வழியாக ஏற்றுங்கள். கேபிள் வழி இணையத்துக்கான லேன் டிரைவரையும் அதிலேயே போட்டுவையுங்கள்.