'கூல்' என்றால் குளிர் இல்லை: ஒரு சொல்லைப் பிரித்தறியும் வழி

திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழில் ஒன்றில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்ட வெளிநாட்டு இளைஞர் ஒருவர் 'கூல்!' என்று கூவினார். பக்கத்தில் நின்ற பெரியவர், "தம்பி, இவருக்குச் சூடு உறைக்கவில்லையா?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு விளங்கப்படுத்தப் போய்த்தான், எனக்கே அது ஒழுங்காக விளங்கவில்லை என்று கண்டேன். இத்தனைக்கும் உப்புவெளியில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். அந்தச் சொல் நாள் முழுக்கக் காதில் விழும்.

படி 1: கேட்ட வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் பயனில்லை. என் விருப்பம் கொப்பியும் பென்சிலும்தான். மொழிபெயர்ப்புச் செயலிகளை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கற்போர் அகராதிகளைப் பாருங்கள். உதாரண வாக்கியமும் உண்டு, பேச்சுவழக்கு என்ற குறிப்பும் உண்டு.

படி 2: எதைப் பற்றிச் சொன்னார்கள்? புறாத்தீவின் பவளப்பாறையைப் பார்த்துச் சொன்னால் 'அருமை'. ஆளைப் பற்றிச் சொன்னால் 'பதறாதவர்', 'பழக இனியவர்', சில வேளை 'மிடுக்கானவர்'. பதற்றமின்மை என்ற பொருள் ஆங்கிலத்தில் மிகப் பழையது. பாராட்டுப் பொருள் 1930கள், 1940களில் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் இசைஞர்களின் பேச்சிலிருந்து பரவியது; சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் பெயரை இதனோடு சேர்த்துச் சொல்வார்கள். "காலை ஆறு மணிக்குப் படகு" என்றதற்குத் தனியே 'கூல்' என்றால் 'சரி'. பணக் கணக்கில் மட்டும் அதை ஒப்புதலாக எடுக்காமல் இன்னொரு தடவை கேட்டுவிடுவேன்.

படி 3: இங்கேதான் நான் சறுக்கினேன். மதியச் சாப்பாடு வேண்டுமா என்று ஒரு தம்பதியரைக் கேட்டேன். "ஐ ஆம் கூல்" என்றார் கணவர், சிரித்த முகத்தோடு. படி 2இன்படி 'சரி' என்று எடுத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன். பாரைமீன் குழம்பும் சம்பலும் தயாரானபோது அவர்கள் நிலாவெளிக்குப் போயிருந்தார்கள். அவர் சொன்னது 'வேண்டாம், பரவாயில்லை' என்பதாம். "குளிர்கிறது என்றால் போர்வையைக் கொடுத்திருக்கலாமே" என்றார் அம்மா. அன்று இரவும் எங்களுக்குப் பாரைமீன்தான்.

ஒன்றைத் தரவா என்று கேட்கும்போது 'ஐ ஆம் கூல்' வந்தால் பெரும்பாலும் மறுப்பு. ஆனால் 'ஐ ஆம் கூல் வித் தட்' என்று நீண்டால் 'எனக்குச் சம்மதம்'. இரண்டு சின்னச் சொற்கள் பொருளையே புரட்டிவிடுகின்றன. ஆகவே வாக்கியம் முடியும்வரை அடுப்பை மூட்டாதீர்கள். முகத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள், மறுப்பவர்களும் சிரித்துக்கொண்டேதான் மறுக்கிறார்கள்.

படி 4: மிச்சத்தை மனப்பாடம் செய்துவிடலாம். 'வீ ஆர் கூல்': நமக்குள் மனத்தாங்கல் இல்லை. 'நொட் கூல்': நீ செய்தது முறையல்ல. 'கூல் இட்': ஆத்திரப்படாதே. 'லூஸ் யுவர் கூல்': நிதானம் இழப்பது, இங்கே அது பெயர்ச்சொல். 'எ கூல் மில்லியன்' என்றால் தொகை பெரியது என்று அழுத்திச் சொல்வது, அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை: நிலாவெளியில் விடுதி நடத்தும் வாசகர் ஒருவர், வரவேற்புப் பலகையில் 'கூல் ரிசெப்ஷன்' என்று எழுதிவைத்திருப்பதாகவும், வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துச் சிரிப்பதாகவும் எழுதியிருந்தார். ஐயா, அது 'முகங்கொடுக்காத வரவேற்பு'! நமக்குக் கண்ணும் மனமும் குளிர்ந்தால்தான் மகிழ்ச்சி. ஆங்கிலத்தில் வரவேற்பு குளிர்ந்தால் வந்தவர் வாடிப்போவார். அவர்கள் வரவேற்பைச் சூடாக்கி 'வோம் வெல்கம்' என்பார்கள். பலகையை மாற்றிவிட்டாராம். பெயின்ட் செலவில் பாதியை என்னிடம் கேட்கிறார்.