கேட் கேமராவுக்குப் பிளாஸ்டிக் ஒளியிழை இழுப்பது எப்படி?

வீட்டிலிருந்து 30, 40 மீட்டர் தள்ளியிருக்கும் கேட்டில் ஐபி கேமரா பொருத்தும்போது சிக்கல் தருவது பெரும்பாலும் இடையில் போகும் கேபிள்தான். கேட் விளக்குக்காக மண்ணில் பதித்த ஒரே குழாயில் 230 வோல்ட் வயர் ஓடிக்கொண்டிருக்கும். செம்பு நெட்வொர்க் கேபிளை அதனுடன் சேர்த்து விடக் கூடாது. வெளியே தொங்கவிட்டாலோ, அருகில் இடி விழும்போது அதில் தூண்டப்படும் மின்னழுத்தம் நெட்வொர்க் சுவிட்சையும், கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் என்விஆரையும் எரித்துவிடக்கூடும். என் வீட்டில் இதற்குத் தீர்வாக அமைந்தது பிளாஸ்டிக் ஒளியிழை. அக்ரிலிக்கால் ஆன, 1 மி.மீ. தடிமனுள்ள இந்த இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், இருக்கும் குழாயிலேயே இதை இழுக்க முடிந்தது.

வாங்க வேண்டியவை: இரட்டை இழைக் கேபிள், இரு முனைகளுக்கும் ஒரே தயாரிப்பாளரின் மீடியா கன்வர்ட்டர் (நெட்வொர்க் சிக்னலை ஒளியாகவும், ஒளியை மீண்டும் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி) ஜோடி, இழை வெட்டும் கட்டர். இணைய இணைப்புக்கு வரும் கண்ணாடி ஃபைபருக்கான கன்வர்ட்டர் இதற்கு உதவாது. இங்கே பயன்படுவது கண்ணுக்குத் தெரியும் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. 100 மெகாபிட் வேகம் ஓரிரு கேமராக்களுக்குத் தாராளம். கிகாபிட் வேண்டுமென்றால், 2017-இல் வந்த ஐஇஇஇ 802.3பிவி தரநிலை 50 மீட்டர் வரை அதற்கு வழி செய்கிறது.

மெயினை அணைத்துவிட்டு, குழாய்க்குள் ஸ்பிரிங் (கேபிளைக் கட்டி இழுக்கும் கம்பி) விட்டு, கேபிளை வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக இழுக்க வேண்டும். வளைவின் ஆரம் 25 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. முனைகளில் தூசி ஏறாதபடி டேப் சுற்றிவிடுவது நல்லது.

அடுத்தது முனையை வெட்டுவது. நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். இந்த இழையில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் இழப்பு உண்டு. நெடுந்தூரக் கண்ணாடி இழையில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் இழப்பு அது. 50 மீட்டர் போவதற்குள் ஒளியில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சுகிறது என்றால், முனையில் வீணடிக்க நம்மிடம் அதிகம் இல்லை. கத்தரிக்கோலோ கட்டிங் பிளேயரோ இழையை நசுக்கி முனையை வெள்ளை பூத்ததுபோல ஆக்கிவிடும். அதில் ஒளி சிதறும். இழைக்கு நேர் செங்குத்தாக, புது பிளேடால், ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும். பிளேடு மழுங்கினால் தயங்காமல் மாற்றுங்கள். அசிட்டோன், தின்னர், ஸ்பிரிட் எதையும் தொடவிடாதீர்கள். அவை அக்ரிலிக்கைக் கரைக்கும் அல்லது வெடிப்பு விடச் செய்யும். நூல் உதிராத உலர்ந்த துணியே போதும். கனெக்டரைப் பொருத்தி, உப்புத்தாளிலும் மெருகுத்தாளிலும் தேய்த்து முடிக்கும் முறையும் உண்டு. ஆனால் வெட்டிய இழையை உறையோடு அப்படியே செருகிப் பூட்டும் வகைக் கன்வர்ட்டரையே நான் பரிந்துரைப்பேன். ஏணியில் நின்றுகொண்டு மெருகேற்றுவது யாருக்கும் இன்பமான வேலையல்ல.

ஒரு முனையைக் கன்வர்ட்டரில் செருகி, மறுமுனையை வெள்ளைத் தாளின் எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரே சீரான சிவப்பு வட்டம் விழுந்தால் வெட்டு சரி. ஒரு பக்கம் மங்கியோ பிறை வடிவிலோ தெரிந்தால், சில மி.மீ. கழித்து மீண்டும் வெட்டுங்கள். இப்படிச் சரிசெய்யவே இரு முனைகளிலும் அரை மீட்டர் மிச்சம் விட வேண்டும். இணைக்கும்போது, இங்கே அனுப்பும் துளையிலுள்ள இழை அங்கே வாங்கும் துளைக்குப் போக வேண்டும். ஒளி எந்த இழையில் வருகிறதோ அதுவே வாங்கும் துளைக்குரியது.

இழை மின்சாரம் கொண்டுபோகாது என்பதால், பிஓஇ-யை (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை) இங்கே மறந்துவிட வேண்டும். கேட் விளக்குக்கான இணைப்பிலிருந்து, தண்ணீர் புகாத பெட்டிக்குள் 12 வோல்ட் அடாப்டரை வைத்து, கேமராவுக்கும் கன்வர்ட்டருக்கும் அங்கேயே மின்சாரம் தரலாம். என்விஆர் பக்கத்திலிருந்து 12 வோல்ட் செம்பு வயரைத் தனியாக இழுத்தால், இழை தந்த பாதுகாப்பு அதன் வழியே போய்விடும்.

பின்சேர்க்கை: பகலில் நன்றாக ஓடும் கேமரா இரவில் மட்டும் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆவதாகச் சிலர் எழுதி, இழையைச் சந்தேகித்திருந்தனர். இருட்டியதும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரிந்து கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும். அடாப்டர் சிறியதாகவோ வயர் மெல்லியதாகவோ இருந்தால் வோல்டேஜ் இறங்கிவிடும். கன்வர்ட்டரின் லிங்க் விளக்கு அணையாமல் கேமரா மட்டும் அணைந்தால், இழையைத் தொடாமல் இரவு நேரத்தில் கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். கேமராவும் கன்வர்ட்டரும் ஒரே அடாப்டரில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே அணையக்கூடும். அப்போதும் முதலில் அளக்க வேண்டியது வோல்டேஜைத்தான்.