மேஜிக் டிராஃப்ட்: நிறத்தை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் டிராஃப்ட் என்றால், பேக்குகளைப் பிரித்துக் கார்டு பொறுக்கி, அவற்றை வைத்தே டெக் (ஆடும் கார்டுக்கட்டு) அமைத்து ஆடுவது. வழக்கமாக 8 பேர், ஆளுக்கு 3 பேக், ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியை (முதல் பேக்கில்) இடப்பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும், அவ்வளவுதான். புதிதாக ஆடுபவர்கள் முதலில் எடுத்த ரேர் (அரிதான) கார்டு சிவப்பு என்றால் கடைசிவரை சிவப்பையே பிடித்துத் தொங்குவார்கள். வேண்டாம். முதல் நாலைந்து கார்டு வரை எதிராளியின் உயிரிகளை (சண்டையிடும் கார்டுகளை) தீர்த்துக்கட்டும் கார்டுகளை, எந்த நிறமானாலும் சரி, எடுத்துக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது பிக்கில் (ஐந்தாவது கார்டு எடுக்கும்போது) 'மர்டர்' மாதிரி உயிரியைக் கொல்லும் ஒரு கறுப்புக் கார்டு வருகிறதா? உங்களுக்கு முன்னால் நாலு பேர் அதைப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள், அதாவது அந்தப் பக்கம் கறுப்புக்குப் போட்டி குறைவு. நீங்கள் முதலில் பிரித்த பேக் ஒன்பதாவது பிக்கில் உங்களிடமே திரும்பும். எந்த நிறம் காலியாகியிருக்கிறது, எது அப்படியே கிடக்கிறது என்று அப்போது பாருங்கள் (முதல் தடவை என்ன இருந்தது என்பது ஞாபகம் இருக்க வேண்டும், அதுதான் சிரமம்). இரண்டாவது பேக் எதிர்த்திசையில் சுற்றும், ஆகவே நீங்கள் தாராளமாக விட்ட நிறத்தை இடப்பக்கத்து ஆள் பிடித்திருந்தால் இப்போது உங்களுக்கு அது வராது.

அப்புறம் 40 கார்டு டெக்கில் லேண்ட் (மானா, அதாவது மற்ற கார்டுகளை இறக்கச் செலவழிக்கும் சக்தி, தரும் கார்டு) 17, நிறம் இரண்டு, உயிரிகள் 15 வாக்கில். 6 மானா டிராகன்களைக் குவிப்பதைவிட 2 மானாவுக்கு இறங்கும் உயிரிகள் நாலைந்து இருக்கின்றனவா என்று முதலில் எண்ணுங்கள்.